கொட்டகையில் பேசக் கூடாது

எங்கள் குடியிருப்பில் ஒருவர் சந்தோஷமாக இருக்கிறாரா என்று இப்போது அவரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அவர் கையில் கட்டியிருக்கும் பட்டையைப் பார்த்தால் போதும். பச்சை விளக்கு எரிந்தால் சந்தோஷம். மஞ்சள் எரிந்தால் ஆள் ஏதோ யோசிக்கிறார். சிவப்பு எரிந்தால் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் ஓடி வந்து, "என்ன குறைங்க உங்களுக்கு?" என்று கேட்பாள். அவளுக்குப் பதில் சொல்லி மாளாது என்று பயந்தே நாங்கள் பச்சையாக இருக்கப் பழகிக்கொண்டோம்.

இந்த நிலைமைக்கு நாங்கள் வந்து சேர்ந்தது ஒரு கொட்டகையால்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் மட்டும் வசிக்கும் குடியிருப்பு இது. பின்பக்கம், தண்ணீர்த் தொட்டிக்கும் சலவை அறைக்கும் நடுவே, கட்டட வேலை நடந்த காலத்தில் சிமென்ட் மூட்டை அடுக்கிய நீளமான கொட்டகை ஒன்று உண்டு. வேலை முடிந்ததும் அதை இடிக்க மறந்துவிட்டார்கள். யாரோ ஒரு புரொஜெக்டரைக் கொண்டுவந்தார்கள், யாரோ இரண்டு படுக்கை விரிப்புகளைச் சேர்த்துத் தைத்துக் கட்டினார்கள். சனிக்கிழமை சாயங்காலம் படம். திரைக்கு நடுவே தையல் ஓடியதால் எல்லாக் கதாநாயகிகளுக்கும் மூக்கில் ஒரு தழும்பு இருந்தது. நாங்கள் அதைப் பெரிதுபடுத்தவில்லை. எங்களுக்கும் அங்கங்கே தையல் உண்டு.

நான் பல் டாக்டராக இருந்தவன். எனக்கு முன்வரிசையில் சர்வேயரும் அவர் மனைவி நர்ஸம்மாவும் உட்காருவார்கள். சர்வேயருக்குச் சில வருடங்களுக்கு முன்பே பார்வை போய்விட்டது. நர்ஸம்மா அவர் காதோரமாகப் படத்தைச் சொல்லிக்கொண்டே வருவார். வார்டில் பழகிய குரல் அது. ரகசியமாகப் பேசினாலும் கடைசிக் கட்டில் வரைக்கும் போகும். அதனால் எங்களில் பாதிப் பேர் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவர் சொல்வதைத்தான் கேட்டுக்கொண்டிருப்போம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நர்ஸம்மா யாரையும் சாக விடமாட்டார். திரையில் குதிரை செத்து விழும். இவர், "அடி பலமில்லீங்க, எழுந்துடுச்சு, அதோ பாருங்க, புல்லு மேயுது" என்பார். 'கப்பல் படம்' என்று நாங்கள் சொல்லும் படத்தில் கடலுக்குப் போன அண்ணன் திரும்பி வரவே மாட்டான். தம்பி கரையில் தனியாக நிற்பதோடு படம் முடியும். நர்ஸம்மாவின் கப்பல் படத்திலோ அண்ணன் தாடியோடு வந்து இறங்கி, தம்பிக்கு ஒரு கடிகாரமும் கொடுப்பான். அவர் வேலை பார்த்த காலமெல்லாம் "ஒண்ணுமில்ல, சரியாயிடும்" என்று சொல்லிச் சொல்லியே வாய் அப்படிப் பழகிவிட்டது. எங்களுக்கு உண்மை தெரியும். சர்வேயருக்குத் தெரியாது. வருடக்கணக்காக ஒருவரும் அவரிடம் மூச்சுவிடவில்லை. கண்ணால் பார்த்த படத்தைவிடக் காதால் கேட்ட படம் நன்றாக இருந்ததே, எதற்காகக் கெடுக்க வேண்டும்?

குடியிருப்பைப் புதிய நிர்வாகம் வாங்கியது. வாங்கிய கையோடு கொட்டகையைப் பூட்டி, 'மேம்பாடு நடைபெறுகிறது' என்று பலகை மாட்டியது. பிறகு எங்களை எல்லாம் சாப்பாட்டுக் கூடத்துக்குக் கூப்பிட்டு மகிழ்ச்சி அதிகாரியை அறிமுகப்படுத்தியது. அதுதான் அவர் பதவியின் பெயர். நாற்பது வயதுக்குள் இருக்கும். பல் வரிசை அருமை. அதற்குப் பின்னால் சிரிப்புதான் இல்லை. இதை என் தொழில் கண்ணோடு சொல்கிறேன்.

"மூத்த உறுப்பினர்களே" என்று ஆரம்பித்தார். "இத்தனை வருஷமா அந்தக் கொட்டகையில நீங்க சந்தோஷமா இருந்ததா சொல்றீங்க. நான் நம்பறேன். ஆனா ஆதாரம் எங்க? யாராவது அளந்தீங்களா? அளக்காத சந்தோஷம் வெறும் வதந்தி. உங்களுக்கு வயசாயிடுச்சு. இனிமே வதந்தியை நம்பி வாழற வயசா உங்களுக்கு?"

எங்கள் மத்தியில் முணுமுணுப்பு எழுந்தது. சர்வேயர் மட்டும் தலையை ஆட்டினார். வாழ்நாள் முழுக்க நிலத்தை அளந்தவர். அளப்பது என்றால் அவருக்குத் தனி மரியாதை.

"நல்ல விஷயம்தானே. எதை வெச்சு அளப்பீங்க?" என்று கேட்டார்.

"கைப்பட்டை குடுப்போம், சார்."

"எல்லை எங்க போடுவீங்க? இதுக்கு மேல சந்தோஷம், இதுக்குக் கீழ இல்லைன்னு?"

மகிழ்ச்சி அதிகாரி உதவியாளரைப் பார்த்தார். உதவியாளர் எழுதிக்கொண்டார்.

சில மாதம் கழித்துக் கொட்டகை 'ஆனந்த அனுபவ மையம்' ஆகத் திறந்தது. பஞ்சு வைத்த நாற்காலிகள், தையல் இல்லாத திரை, குளிர்சாதனம், வாசலில் ஒரு மேஜை. மேஜையில் பிபி பார்ப்பார்கள். இவ்வளவுக்கு மேல் ஏறியிருந்தால் படபடப்பு தரும் படம் எதுவும் கிடையாது. பக்கத்து அறையில் மீன்கள் நீந்தும் படம் ஓடும், அதைத்தான் பார்க்க வேண்டும்.

முதல் நாளே எங்கள் போலீஸ் இன்ஸ்பெக்டரை மீனுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"ஏம்மா, நான் நிஜத் திருடன் பின்னாடி ஓடினவன். நடிக்கிற திருடனைப் பார்த்தா எனக்கு நெஞ்சு வலிக்குமா?" என்றார் அவர்.

"அப்ப உங்களுக்குச் சம்பளம் குடுத்தாங்க, சார். இப்ப பொறுப்பு எங்களோடது" என்றாள் மேஜைப் பெண்.

இன்ஸ்பெக்டர் போய் மீன்களுக்கு எதிரே உட்கார்ந்து நன்றாகத் தூங்கினார். தூங்கும்போது நாடி ஒரே சீராக ஓடியதால் அவர் கைப்பட்டை விடாமல் பச்சை காட்டியது. அந்த மாதத்தின் 'மிகச் சிறந்த மகிழ்வாளர்' விருது அவருக்கே கிடைத்தது. விருது கொடுக்கும்போதும் அவர் தூங்கிக்கொண்டிருந்ததால் மடியில் வைத்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். மறு மாதத்திலிருந்து மீன் அறையில் இடம் பிடிக்கத் தள்ளுமுள்ளு.

எங்கள் அறையில் நாற்காலிகளைப் பிரிவு பிரித்திருந்தார்கள். பார்வையும் காதும் சரியாக இருப்பவர்கள் 'அ' பிரிவு, நல்ல நடு இடம். காது மந்தமானவர்கள் 'ஆ' பிரிவு. பார்வை இல்லாதவர்கள் 'இ' பிரிவு. இந்த 'இ' பிரிவை முன்னால் இடது ஓரத்தில், ஒரு பெரிய தூணுக்குப் பின்னால் போட்டிருந்தார்கள். பார்வை தேவைப்படாதவர்களுக்குத் தூண் ஓர் இடையூறு அல்ல என்று நிபுணர் குழு கண்டுபிடித்திருந்ததாம். நர்ஸம்மா 'அ'. சர்வேயர் 'இ'. சுவர் முழுக்க 'பேசக் கூடாது' என்று எழுதியிருந்தது.

நர்ஸம்மா மகிழ்ச்சி அதிகாரியிடம் போய் நின்றார்.

"அவருக்கு நான்தாங்க படம் சொல்வேன். பக்கத்துல உட்கார வெச்சாப் போதும். வேற ஒண்ணும் கேக்கல."

"அம்மா, உங்க சேவையை மதிக்கிறோம். ஆனா அது அனுமதியில்லாத ஒலிபரப்பு. நாளைக்கு நீங்க ஏதாவது தப்பா சொல்லி அவர் மனசு கஷ்டப்பட்டா யார் பொறுப்பு? அதுக்குன்னே பயிற்சி பெற்ற குரல் வெச்சிருக்கோம். ஹெட்போன்ல வரும். உள்ளதை உள்ளபடி சொல்லும்."

நர்ஸம்மாவின் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். சர்வேயர் மட்டும் சந்தோஷமாக, "பரவால்ல விடு. பாவம் நீ, இத்தனை வருஷமா தொண்டைத் தண்ணி வத்தக் கத்திட்டிருக்க. ஒரு நாள் நிம்மதியா உட்கார்ந்து படம் பாரு" என்றார்.

திறப்பு விழாவுக்கு எங்களிடமே ஓட்டுக் கேட்டுப் படத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். நாங்களும் புத்தி கெட்டுப்போய்க் கப்பல் படத்துக்கே ஓட்டுப் போட்டிருந்தோம்.

படம் முடியும் கட்டம். கரையில் தம்பி. கொட்டகையில் ஒருவரும் திரையைப் பார்க்கவில்லை, எல்லோரும் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தூணுக்குப் பின்னாலிருந்து சர்வேயர் எழுந்தார்.

"நிறுத்துங்க" என்றார். "படம் தப்பு."

விளக்குப் போட்டார்கள். மகிழ்ச்சி அதிகாரி ஓடி வந்தார்.

"அண்ணன் வரணும். தாடியோட வந்து இறங்குவான். கடிகாரம் குடுப்பான். நான் எத்தனை தடவை பார்த்த படம். யாரு வெட்டினது அதை?"

"சார், இது முழுப் படம்தான். எதுவும் வெட்டல."

"அப்ப இங்க இருக்கற எல்லாரையும் கேளுங்க. எல்லாரும் சேர்ந்துதானே பார்த்தோம்."

மகிழ்ச்சி அதிகாரி எங்கள் பக்கம் திரும்பினார். இன்ஸ்பெக்டர் மீன் அறையிலிருந்து சத்தம் கேட்டு வந்து, விஷயம் புரிந்ததும், "வருவான். தாடியோட. நான் பார்த்தேன்" என்றார். நீதிமன்றத்தில் சாட்சி சொல்லிப் பழகியவர், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் எழுந்து, "கடிகாரம் வெள்ளிக் கடிகாரம்" என்றேன். முழுக் கொட்டகையும், ஆமாம் ஆமாம் என்றது. அத்தனை கைப்பட்டைகளிலும் சிவப்பு எரிந்தது. பொய் சொல்லும்போது நாடி எகிறும் போலிருக்கிறது.

உண்மை கண்டறியும் குழு அமைக்கப்பட்டது. தலைவர் மகிழ்ச்சி அதிகாரி, உறுப்பினர் அவர் உதவியாளர், பார்வையாளராகக் குளிர்சாதனம் பழுது பார்க்க வந்தவர். படத்தின் கடைசிப் பகுதியைத் திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். ஒவ்வொரு தடவையும் அண்ணன் வராமலே இருந்தான். கடைசியில் நர்ஸம்மா தானாகவே எழுந்தார்.

"நான்தான் மாத்திச் சொன்னேன். இவங்க யாரையும் ஒண்ணும் கேக்காதீங்க."

மகிழ்ச்சி அதிகாரி எழுந்து நின்று பேசினார். "இது சாதாரண விஷயமில்ல. இந்த ஐயா பல வருஷமா சந்தோஷப்பட்டிருக்கார். எதுக்கு? நடக்காத ஒண்ணுக்கு. அவரோட சேர்ந்து ஒரு கொட்டகையே சந்தோஷப்பட்டிருக்கு. எந்த அடிப்படையும் இல்லாம. இப்படி அடிப்படை இல்லாம சந்தோஷப்படறவங்க பெருகினா எங்களை மாதிரி நிறுவனத்துக்கு என்ன வேலை?"

அவர் வாழ்க்கையில் உண்மை பேசிய ஒரே இடம் அதுதான். அதை அவர் கவனிக்கவில்லை.

சர்வேயர் எழுந்தார். தடியை எடுத்துக்கொண்டு, மனைவியின் கையைப் பிடிக்காமல், சுவரைத் தடவிக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

என் பால்கனிக்கும் அவர்கள் பால்கனிக்கும் நடுவே ஒரு தட்டிதான். ஒட்டுக் கேட்டேன் என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும். நர்ஸம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்தார், கத்தி பலகையில் படும் சத்தம் வந்தது.

"குதிரை?" என்றார் சர்வேயர்.

"செத்துப்போச்சுங்க."

"சுரங்கத்துக்குள்ள மாட்டிக்கிட்ட அந்த நாலு பேரு?"

"ஒருத்தன் மட்டும் வந்தான்."

"அந்த டான்ஸ் ஆடற பொண்ணு? கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போச்சே?"

கத்திச் சத்தம் நின்றது. "இல்லீங்க."

எத்தனை பேரை அவர் ஒரே நாளில் அடக்கம் செய்ய வேண்டியிருந்தது, பாவம். பிறகு அவர் இன்னொன்று கேட்டார்.

"என் கண்ணைப் பத்திப் பெரிய டாக்டர் சொன்னதையாவது உள்ளபடி சொன்னியா? இல்ல அதுலயும் ஏதாவது மாத்திட்டியா?"

"அதுல ஒரு வார்த்தை மாத்தலீங்க."

"எப்படி நம்பறது?" என்றார் சர்வேயர். "நிலம் அளக்கற சங்கிலி தப்புன்னு ஒரு தடவை தெரிஞ்சா, அதை வெச்சு அளந்த அத்தனை நிலத்தையும் மறுபடி அளக்கணும். எனக்கு அதுக்கு வயசில்ல."

அதன் பிறகு அந்த வீட்டில் பேச்சு இல்லை. மாத்திரையைச் சர்வேயர் தானே தடவி எடுத்தார். நடைக்குத் தானே போனார், இரண்டு தடவை பூந்தொட்டியில் இடித்துக்கொண்டார். சனிக்கிழமை தவறாமல் தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, ஹெட்போனில் உள்ளதை உள்ளபடி கேட்டார். "ஆண் நடக்கிறார். பெண் பார்க்கிறார். மழை பெய்கிறது." கேட்டுக்கொண்டே தூங்கிப்போவார். விழித்தால், "யாரு யாரைப் பார்த்தா?" என்று தூணைக் கேட்பார். நர்ஸம்மா 'அ' பிரிவு நடு இடத்தில், திரையைப் பார்க்காமல், அந்தத் தூணையே பார்த்துக்கொண்டிருப்பார். எனக்குப் பொறுக்கவில்லை.

பொறுக்காதது எனக்கு மட்டுமில்லை. மையத்தின் ஆனந்த வரைபடம் மாதாமாதம் சரிந்தது. தூங்குகிறவர்கள் மட்டுமே அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தலைமை அலுவலகம் விளக்கம் கேட்டது. கப்பல் படத்தில் எங்களுக்கு முன்பு இருந்த திருப்தியைப் பற்றி விசாரித்து, அறிக்கை எழுதி, ஒரு நாள் மகிழ்ச்சி அதிகாரி எங்களை மறுபடி சாப்பாட்டுக் கூடத்துக்குக் கூப்பிட்டார்.

"ஆய்வுல ஒரு பெரிய உண்மை தெரிய வந்திருக்கு" என்றார். "நல்லபடியா முடியற படம் நல்லா இருக்கு. இதை யாரும் இதுவரைக்கும் யோசிக்கல. அதனால இனிமே எல்லாப் படமும் நல்லபடியாத்தான் முடியும். படத்தை மாத்த முடியாது, அதுக்குச் சட்டம் இடம் குடுக்காது. வர்ணனையை மாத்தலாம். அம்மாவை அதிகாரபூர்வ வர்ணனையாளரா நியமிக்கிறோம். எல்லாருக்கும் ஹெட்போன். முன்னாடி அம்மா அனுமதியில்லாம பொய் சொன்னாங்க. அது குற்றம். இப்ப அனுமதியோட சொல்லப் போறாங்க. அது சேவை."

நர்ஸம்மாவுக்கு உட்காரக் கொட்டகையின் பின்சுவரில், இரண்டு படி உயரத்தில், ஒரு கண்ணாடிக் கூண்டு கட்டினார்கள். சொல்ல வேண்டியதை அலுவலகமே எழுதிக் கொடுக்கும். புருஷனுக்கும் அவருக்கும் நடுவே இப்போது கொட்டகையின் முழு நீளம். வேண்டாம் என்று சொல்வார் என்று நினைத்தேன்.

"ஏம்மா ஒத்துக்கிட்டீங்க?" என்று கேட்டேன்.

"வீட்டுல நான் பேசினா எழுந்து போயிடறார், டாக்டர். ஹெட்போன் மாட்டிக்கிட்டா எழுந்து போக மாட்டாரில்ல" என்றார்.

முதல் நாள் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். வழுக்கை, கனத்த கண்ணாடி, எங்களைவிட நாலைந்து வயது குறைவு இருக்கலாம். அவருக்கும் கைப்பட்டை கட்டி, ஹெட்போன் மாட்டி, முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். அன்று மட்டும் மீன் அறையை மூடி, எல்லோரையும் இங்கேயே கொண்டுவந்திருந்தார்கள். படம் புதுப் படம், எங்களில் யாரும் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரியில் கிடக்கும் ஒரு அம்மா, பக்கத்தில் அவள் மகள்.

நர்ஸம்மா எழுதிக் கொடுத்ததைப் படித்துக்கொண்டு வந்தார். குரல் கட்டையாக இருந்தது. திரையில் மருத்துவர் வந்து தலையை அசைத்துவிட்டுப் போனார். கருவிகளை அணைத்தார்கள். மகள் போர்வையை இழுத்து முகம் வரை மூடினாள். எங்கள் காதில் நர்ஸம்மாவின் குரல், "அம்மா களைப்பாக உறங்குகிறார். நாளை வீடு திரும்பு..." என்று வந்து அப்படியே நின்றது.

காகிதம் கசங்கும் சத்தம் கேட்டது.

"இல்ல" என்றார் நர்ஸம்மா. "அந்தம்மா செத்துட்டாங்க. வீட்டுக்குப் போறாங்கன்னு எழுதிக் குடுத்திருக்காங்க. போகல. இந்த மாதிரி போர்வை போர்த்தி நான் எத்தனையோ பார்த்திருக்கேன். செத்துட்டாங்க. அந்தப் பொண்ணு தனியா நிக்குது."

மகிழ்ச்சி அதிகாரி எழுந்து கூண்டை நோக்கிக் கையை ஆட்டினார். அதற்குள் தூணுக்குப் பின்னாலிருந்து சர்வேயர் எழுந்திருந்தார். கம்பியில்லாத ஹெட்போன் காதிலேயே இருந்தது. தடி நாற்காலிக்குக் கீழே விழுந்துவிட்டது, குனிந்து தேடவில்லை. ஒரு அடி எடுத்து வைத்துத் தூணில் இடிக்கப் போனார்.

"நில்லுங்க" என்றது எங்கள் எல்லோர் காதிலும் அந்தக் குரல். "எதிர்ல தூண். இடது கையை நீட்டுங்க. தொட்டாச்சா? அதைச் சுத்தி வந்து, திரைக்கு முதுகு காட்டித் திரும்புங்க. இப்ப நேரா. கீழ கம்பளம் மடிஞ்சிருக்கு, காலைத் தூக்கி வையுங்க."

தூணைத் தாண்டியதும், கையை முன்னால் நீட்டாமல், எதையும் தடவாமல், தெருவில் நடப்பதுபோல அவர் நடந்தார். திரையில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது. அத்தனை தலையும் அவர் பக்கம் திரும்பியிருந்தது.

"வலது பக்கம் இன்ஸ்பெக்டர் காலை நீட்டிட்டுத் தூங்கறார். கொஞ்சம் ஒதுங்கி வாங்க. இன்னும் வாங்க. இன்னும். இப்ப ரெண்டு படி. மொதல் படி ஒசரம். ரெண்டாவது அவ்வளவு இல்ல. கதவு உங்க பக்கமாத் திறக்கும், நான் திறக்கறேன்."

திறந்தார். கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு பேரும் நின்றார்கள். ஒலிவாங்கி அணையவில்லை.

"எல்லாம் சொன்ன இடத்துலயே இருந்துச்சு" என்றார் சர்வேயர்.

"ம்."

"இப்ப திரையில என்ன?"

"பேருங்க ஓடுது. படம் முடிஞ்சுபோச்சு."

"அந்தம்மா செத்தது செத்ததுதானே?"

"செத்ததுதாங்க."

"சரி." அவர் கையால் தடவி நாற்காலியைக் கண்டுபிடித்து உட்கார்ந்தார். "நீ எடுத்திருந்தா எப்படி முடிச்சிருப்ப? சொல்லு."

நர்ஸம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்த அம்மா கண் விழித்ததிலிருந்து ஆரம்பித்தார். வெறும் திரை வெள்ளையாக இருந்தது. ஒருவரும் ஹெட்போனைக் கழற்றவில்லை. மகிழ்ச்சி அதிகாரி விளக்கைப் போடுவதற்காகச் சுவரோரம் போனார். முன்வரிசையில் இருந்த தலைமை அலுவலகத்துப் பெரியவர், கேட்பது தவறிவிடப் போகிறதே என்று ஹெட்போனை ஒரு கையால் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அவரைப் பேசாமல் உட்காரச் சொன்னார்.